குணமாகும் நோய் இது

கல்லீரல் எங்கே இருக்கிறது?

வலது பக்க விலா எலும்பின் மேல் கையை வையுங்கள். அதற்கு உள்ளே இருப்பது கல்லீரல். பெரியவர் ஒருவருக்குக் கல்லீரல் சுமார் ஒன்றரைக் கிலோ எடை இருக்கும்.

கல்லீரல் ஓய்வு இல்லாத உழைப்பாளி. நாம் சாப்பிட்ட சாப்பாட்டின் சத்தைச் சேர்த்து வைக்கும். வேண்டும்போது எடுத்துக் கொடுக்கும். ரத்தத்தில் கலந்த நஞ்சை முறிக்கும். பித்த நீரைச் சுரக்கும். காயம் பட்டால் ரத்தம் உறைய வேண்டும். அதற்கான பொருளையும் கல்லீரல்தான் செய்கிறது.

கல்லீரலுக்கு இன்னொரு குணம் உண்டு. அடிபட்டாலும் அது சத்தம் போடாது. பாதிக்கு மேல் கெட்டுப் போன பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் கல்லீரல் நோய் பலருக்குக் காலம் கடந்தே தெரிகிறது.

அப்படி ஓசை இல்லாமல் வரும் நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் ஹெபடைடிஸ் சி. முன்பு இதைக் குணமாக்குவது கடினம். இன்று மாத்திரையிலேயே குணமாக்கலாம். அது எப்படி என்று இந்தப் பாடத்தில் படிப்போம்.

பெயர் இல்லாத கிருமி

மஞ்சள் காமாலை என்று நாம் சொல்கிறோம். அது ஒரே நோய் அல்ல. பல காரணங்களால் வரும். கல்லீரலைத் தாக்கும் வைரஸ் கிருமிகள் முக்கியமாக ஐந்து. அவற்றுக்கு ஏ, பி, சி, டி, ஈ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஏ, ஈ வகைகள் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். சி வகை அப்படி அல்ல. அது ரத்தத்தின் வழியாகப் பரவும்.

1970-களில் டாக்டர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ரத்தம் ஏற்றிக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் நோய் வந்தது. சோதித்துப் பார்த்தார்கள். ஏ கிருமியும் இல்லை. பி கிருமியும் இல்லை. அதனால் அந்த நோயை 'ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை' என்றே அழைத்தார்கள்! 1989-இல்தான் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு சி என்று பெயர் வைத்தார்கள். இந்தக் கண்டுபிடிப்புக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹூட்டன், சார்லஸ் ரைஸ் என்ற மூன்று அறிவியலாளர்களுக்கு 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உடம்பில் சி கிருமி என்ன செய்யும்?

இந்தக் கிருமி 100 பேர் உடம்பில் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். சுமார் 30 பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடும். மீதி 70 பேரின் உடம்பில் தங்கிவிடும். இதைத்தான் நாள்பட்ட ஹெபடைடிஸ் சி என்று சொல்கிறார்கள்.

தங்கிய கிருமி பல ஆண்டுகள் ஒன்றும் காட்டாது. காய்ச்சல் இல்லை. வலி இல்லை. கண் மஞ்சளாவதும் இல்லை. கொஞ்சம் களைப்பு இருக்கலாம். "வேலை அதிகம், அதனால் களைப்பு" என்று நாம் விட்டுவிடுவோம்.

ஆனால் உள்ளே கல்லீரல் புண்ணாகிறது. புண் ஆறித் தழும்பாகிறது. மறுபடியும் புண், மறுபடியும் தழும்பு. பல ஆண்டுகளில் கல்லீரல் முழுவதும் தழும்பாகிச் சுருங்கலாம். இதற்குக் கல்லீரல் சுருக்கம் என்று பெயர். கிருமி தங்கிய 100 பேரில் 15 முதல் 30 பேருக்கு 20 ஆண்டுகளுக்குள் இந்த நிலை வரலாம். அதற்குப் பிறகு வயிற்றில் நீர் கோக்கலாம். ரத்த வாந்தி வரலாம். கல்லீரல் புற்றுநோயும் வரலாம்.

மது குடிப்பவர்களுக்கு இந்தக் கேடு இன்னும் விரைவாக வரும்.

எப்படிப் பரவும்?

சி கிருமி ரத்தத்தில் வாழ்கிறது. ஒருவர் ரத்தம் இன்னொருவர் ரத்தத்தில் கலந்தால் பரவும்.

ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது.

சோதனை செய்யாத ரத்தத்தை ஏற்றுவது.

சரியாகச் சுத்தம் செய்யாத கருவிகளால் பல் பிடுங்குவது, அறுவை செய்வது, டயாலிசிஸ் செய்வது.

ஒரே ஊசியால் பலருக்குப் பச்சை குத்துவது.

ஊசி மூலம் போதை மருந்து எடுப்பவர்கள் ஊசியைப் பகிர்ந்துகொள்வது.

ஒருவர் சவரம் செய்த பிளேடை இன்னொருவர் பயன்படுத்துவது.

கிருமி உள்ள தாயிடமிருந்து பிறக்கும் குழந்தைக்கும் சில சமயம் வரலாம். உடலுறவாலும் பரவலாம். ஆனால் அது குறைவு.

எப்படிப் பரவாது?

ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. ஒரே குடத்துத் தண்ணீர் குடித்தால் பரவாது. தொட்டாலும் கட்டிப் பிடித்தாலும் பரவாது. கொசு கடித்தால் பரவாது. தாய்ப்பாலால் பரவாது. ஆகவே நோயாளியை ஒதுக்கி வைக்க ஒரு காரணமும் இல்லை.

பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் சி வகையைக் குணமாக்க மருந்து உண்டு.

முன்பு இருந்த மருத்துவம்

முன்பு இன்டர்ஃபெரான் என்ற ஊசி மருந்து இருந்தது. அதோடு ரிபாவைரின் என்ற மாத்திரையும் கொடுத்தார்கள். ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை ஊசி போட வேண்டும். ஊசி போட்டதும் காய்ச்சல் வரும். உடம்பு வலிக்கும். முடி கொட்டும். ரத்தம் குறையும். மனம் சோர்ந்து போகும். பலர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இவ்வளவு துன்பப்பட்டும் பலன் என்ன? சுமார் பாதிப் பேருக்குத்தான் நோய் தீர்ந்தது. கிருமியில் பல இனங்கள் உண்டு. இனத்தைப் பொறுத்துப் பலன் கூடும், குறையும். கல்லீரல் மிகவும் கெட்டுப் போனவர்களுக்கு அந்த ஊசியைப் போடவே முடியாது. செலவோ லட்சக் கணக்கில்.

புதிய மாத்திரை எப்படி வேலை செய்கிறது?

சி கிருமி கல்லீரலுக்குள் நுழைந்து தன்னைப் போலவே நகல் எடுக்கும். ஒன்று பலவாகும். பல கோடியாகும். நகல் எடுப்பது ரயில் பெட்டிகளைக் கோப்பது போன்றது. ஒரு பெட்டியின் கொக்கியில் அடுத்த பெட்டியை மாட்ட வேண்டும். இப்படி ஆயிரக் கணக்கான பெட்டிகளை மாட்டினால்தான் புதிய கிருமி உருவாகும்.

சோஃபோஸ்புவிர் என்பது புதிய மருந்து. அது பார்ப்பதற்கு அந்தப் பெட்டி போலவே இருக்கும். கிருமி ஏமாந்து அதையும் கோத்துவிடும். ஆனால் அந்தப் பெட்டியின் பின்னால் கொக்கி இல்லை! அடுத்த பெட்டியை மாட்ட முடியாது. ரயில் அங்கேயே நின்றுவிடும். புதிய கிருமி உருவாகாது.

இதோடு டக்ளடாஸ்விர் என்ற இன்னொரு மருந்தையும் கொடுக்கிறார்கள். சிலருக்கு அதற்குப் பதிலாக வெல்படாஸ்விர் கொடுக்கிறார்கள். இவை கிருமியின் வேறு ஒரு வேலையைத் தடுக்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அடி விழுவதால் கிருமி தப்ப முடிவதில்லை.

பழைய கிருமிகள் சாகின்றன. புதியவை பிறப்பதில்லை. சில வாரங்களில் உடம்பில் கிருமியே இல்லாமல் போகிறது. பி கிருமி கல்லீரல் செல்லின் உள்ளறையில் போய் ஒளிந்துகொள்ளும். சி கிருமிக்கு அப்படி ஒளியும் இடம் இல்லை. ஆகவே அதை அடியோடு ஒழிக்க முடிகிறது.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் 100 பேரில் சுமார் 95 பேருக்கு நோய் முழுவதும் தீர்கிறது. ஊசி இல்லை. பெரும்பாலோருக்கு 12 வாரம் போதும். தலைவலி, களைப்பு போன்ற சிறு தொல்லைகள் சிலருக்கு வரும். அவையும் போய்விடும்.

விலை இறங்கிய கதை

2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஒரு மாத்திரையின் விலை 1000 டாலர். 84 நாளுக்கு 84,000 டாலர். அன்றைய மதிப்பில் இது 50 லட்சம் ரூபாய்க்கு மேல்! பணக்கார நாட்டிலேயே மக்கள் திகைத்துப் போனார்கள்.

மருந்தின் உரிமை கில்லியட் என்ற அமெரிக்கக் கம்பெனியிடம் இருந்தது. 2014 செப்டம்பரில் அந்தக் கம்பெனி ஏழு இந்திய மருந்துக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்தது. அதே மருந்தை இந்தியாவில் தயாரிக்கலாம் என்று அனுமதி கொடுத்தது. 2015-இல் இந்திய மாத்திரை கடைக்கு வந்தது. கம்பெனிகள் போட்டி போட்டதால் விலை இறங்கிக்கொண்டே போனது. லட்சங்கள் ஆயிரங்கள் ஆயின.

ஆனால் கூலி வேலை செய்பவருக்கு ஆயிரங்களும் பெரிய தொகைதானே? அதற்கு வழி காட்டியது பஞ்சாப் மாநிலம்.

பஞ்சாப் செய்த வேலை

பஞ்சாப் கோதுமை விளையும் பூமி. அங்கே சி கிருமி மிகவும் பரவியிருந்தது. 2013, 2014 ஆண்டுகளில் வீடு வீடாகச் சென்று ஆய்வு செய்தார்கள். 100 பேரில் 3 அல்லது 4 பேருக்குக் கிருமி நுழைந்த அடையாளம் ரத்தத்தில் இருந்தது. ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டது ஒரு முக்கியமான காரணம். காய்ச்சலா? ஊசி. களைப்பா? ஊசி. ஊசி போட்டால்தான் நோய் தீரும் என்ற நம்பிக்கை நம் நாட்டில் எல்லா ஊரிலும் உண்டு அல்லவா?

2016 ஜூனில் பஞ்சாப் அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஹெபடைடிஸ் சி-க்கு இலவச மருந்து என்று அறிவித்தது. 22 மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் 3 அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மருந்து கொடுத்தார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. கல்லீரல் நோய்க்கான பெரிய டாக்டர்கள் மாவட்டங்களில் இல்லை. அதனால் சண்டிகரில் உள்ள பெரிய மருத்துவ நிலையத்தின் டாக்டர்கள் மாவட்ட டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சந்தேகம் வந்தால் வீடியோ மூலம் பேசித் தெளிவுபடுத்தினார்கள். விலை உயர்ந்த கருவிகளும் தேவைப்படவில்லை. சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே கல்லீரல் எந்த அளவு கெட்டிருக்கிறது என்று கணக்கிட்டார்கள்.

2018 ஜூலை வரை, இரண்டே ஆண்டுகளில், 48,000 பேருக்கு மேல் மருந்து கொடுத்தார்கள். பாதிக்கு மேல் கிராமத்து மக்கள். கடைசிச் சோதனைக்கு வந்தவர்களில் 100-க்கு 91 பேருக்கு மேல் குணமாகியிருந்தது. பெரிய நகரம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி இல்லை. மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே இது நடந்தது!

இதற்குப் பிறகு 2018 ஜூலை 28-இல் மத்திய அரசு தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இப்போது நாடு முழுவதும் இந்தத் திட்டத்தின் மையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம்.

நிலத்தை விற்க வேண்டுமா?

பஞ்சாபில் ஒரு விவசாயக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இப்படிப் பல குடும்பங்கள் உண்டு.

அவருக்கு வயது 45. மூன்று ஏக்கர் நிலம். முகாமில் ரத்த தானம் செய்யப் போனார். "உங்கள் ரத்தத்தில் சி இருக்கிறது. மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. ஒரு ஏக்கரை விற்றுவிடலாம் என்று மனைவியிடம் சொன்னார். மனைவி அவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பெண் டாக்டர் இருந்தார்.

"டாக்டர்ஜி, எனக்கு ஒரு நோயும் இல்லையே! நேற்றுக்கூட டிராக்டர் ஓட்டினேன்."

"இந்த நோய் அப்படித்தான் சர்தார்ஜி. வெளியே தெரியாது. முதல் சோதனையில் 'ரியாக்டிவ்' என்று வந்திருக்கிறது. கிருமி எப்போதோ நுழைந்தது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். இப்போதும் இருக்கிறதா என்று இரண்டாவது சோதனை சொல்லும். ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று அதில் எண்ணிச் சொல்வார்கள்."

"இரண்டு சோதனைக்கும் எவ்வளவு பணம், டாக்டர்ஜி?" என்று மனைவி கேட்டார்.

"பணம் வேண்டாம், பெஹன்ஜி. மாத்திரைக்கும் வேண்டாம்."

பெஹன்ஜி என்றால் சகோதரி என்று பொருள்.

சில நாளில் முடிவு வந்தது. கிருமி இருந்தது. டாக்டர் பி வகைக் கிருமிக்கும் எச்.ஐ.வி-க்கும் சோதனை செய்தார். கல்லீரலின் நிலையைப் பார்க்கவும் ரத்தம் எடுத்தார். வயிற்றை ஸ்கேன் செய்தார்.

"பி எதற்கு டாக்டர்ஜி? எனக்கு வந்தது சி அல்லவா?"

"சிலருக்கு இரண்டும் இருக்கும். சி போகும்போது, அடங்கிக் கிடந்த பி துள்ளி எழும். அதனால் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? வலிப்பு, காச நோய், இருதய நோய்? அந்த மருந்துகளில் சில இதோடு சேராது. மறைக்காமல் சொல்லுங்கள்."

"ஒன்றும் இல்லை."

"சாயங்காலம் குடிப்பார்" என்றார் மனைவி. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதை இன்றோடு விடுங்கள் சர்தார்ஜி. மாத்திரை கிருமியைக் கொல்லும். மது கல்லீரலைக் கொல்லும். இரண்டையும் சேர்க்காதீர்கள்."

மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இவருக்குத் தனித் தட்டு வைக்க வேண்டுமா? என் மாமியார் சொல்கிறார்."

"வேண்டாம் பெஹன்ஜி. ஒரே தட்டில்கூடச் சாப்பிடலாம். சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக இருக்கட்டும். நீங்களும் ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பாருங்கள்."

மூன்று டப்பா, 84 நாள்

டாக்டர் முதல் டப்பாவைக் கொடுத்தார். ஒரு டப்பா 28 நாளுக்கு. மொத்தம் மூன்று டப்பா.

28 + 28 + 28 = 84 நாள்.

7 நாள் ஒரு வாரம். 84 நாள் என்றால் 12 வாரம்.

"தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். டப்பா தீரும் முன்பே வந்து அடுத்ததை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அன்றைக்கே நினைவு வந்ததும் சாப்பிடுங்கள். மறுநாள் சேர்த்து இரண்டாகச் சாப்பிடாதீர்கள்."

மனைவி அறிவொளி வகுப்பில் படித்தவர் போல ஒரு வேலை செய்தார். சுவரில் இருந்த காலண்டரை எடுத்தார். மாத்திரை சாப்பிட்டதும் அந்தத் தேதியில் ஒரு கோடு போட்டார். கோடு இல்லாத நாள் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று மகளிடம் சொன்னார். மகள் தினமும் காலண்டரைப் பார்த்தாள்.

ஐந்தாவது வாரம் அவர் சொன்னார்: "உடம்பு நன்றாக இருக்கிறது. அறுவடை வேறு வருகிறது. போதும்."

இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். சில வாரங்களிலேயே கிருமி மிகவும் குறைந்துவிடும். சோதனையில்கூடத் தெரியாமல் போகலாம். ஆனால் கொஞ்சம் மிச்சம் இருக்கும். களையெடுக்கும்போது வேரை விட்டுவிட்டால் என்ன ஆகும்? மறுபடி முளைக்கும். கிருமியும் அப்படித்தான். திரும்பி வரும் கிருமி அதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

மனைவி காலண்டரைக் காட்டினார். "இன்னும் எத்தனை கோடு பாக்கி, எண்ணிப் பாருங்கள்" என்றார். அவர் எண்ணினார். பிறகு மாத்திரையை விடவில்லை.

மறக்கக் கூடாத கடைசிச் சோதனை

84 நாள் முடிந்தது. நோய் தீர்ந்துவிட்டதா? அன்றே சொல்ல முடியாது. இன்னும் 12 வாரம் காத்திருக்க வேண்டும். பிறகு மறுபடியும் இரண்டாவது சோதனையைச் செய்ய வேண்டும். மருந்தை நிறுத்தி 12 வாரம் ஆன பிறகும் கிருமி இல்லை என்றால் குணமாகிவிட்டது என்று பொருள்.

சோதனைச் சீட்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். 'நாட் டிடெக்டட்' என்று எழுதியிருந்தால் கிருமி இல்லை என்று அர்த்தம். டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

பஞ்சாபில் பலர் இந்தக் கடைசிச் சோதனைக்கு வரவில்லை. மாத்திரை தீர்ந்தது, நோயும் தீர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள். 100-இல் சிலருக்கு முதல் முறை மருந்து பலிக்காது. அவர்களுக்கு வேறு மாத்திரைகளைச் சேர்த்து மறுபடி மருத்துவம் செய்யலாம். ஆனால் சோதனைக்கு வந்தால்தானே அது தெரியும்?

குணமான பிறகு மூன்று செய்திகள்

ஒன்று: முதல் சோதனை மறுபடியும் 'ரியாக்டிவ்' என்றே வரும். குணமானவருக்கும் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் வரும். பயப்பட வேண்டாம். அது பழைய சண்டையின் தழும்பு. 'நாட் டிடெக்டட்' என்று வந்த சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேரும்போதோ அறுவை செய்யும்போதோ யாராவது கேட்டால் காட்டலாம்.

இரண்டு: ஒரு முறை குணமானவருக்கு மறுபடியும் வரலாம். அம்மை போல ஒரு முறை வந்தால் காப்பு என்பது இதில் இல்லை. பழைய ஊசியைத் தொட்டால் நோய் மறுபடியும் நுழையும்.

மூன்று: மாத்திரை கிருமியைத்தான் ஒழிக்கிறது. முன்பே விழுந்த தழும்பு மெல்ல மெல்லத்தான் குறையும். சிலருக்குக் குறையாமலும் போகலாம். கல்லீரல் சுருக்கம் வந்துவிட்டவர்கள் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் செய்ய வேண்டும். புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆகவே கல்லீரல் சுருங்கும் முன்பே மருந்து சாப்பிடுவது நல்லது.

இன்னும் எத்தனை பேர்?

உலகச் சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டுக்கு ஒரு கணக்குச் சொல்கிறது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு நாள்பட்ட சி நோய் இருந்தது. இந்தியாவில் மட்டும் சுமார் 55 லட்சம் பேர். அந்த ஓர் ஆண்டில் உலகில் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் பேர் இந்த நோயால் இறந்தார்கள்.

மருந்து இருக்கிறது. அரசு மையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. பிறகு ஏன் இத்தனை பேர் இறக்கிறார்கள்? பெரும்பாலோருக்குத் தங்கள் உடம்பில் கிருமி இருப்பதே தெரியாது. தெரியாத நோய்க்கு யார் மருந்து சாப்பிடுவார்கள்?

யார் சோதித்துக்கொள்ள வேண்டும்? 2000-களின் தொடக்கத்துக்கு முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள். அப்போது ரத்த வங்கிகளில் சி கிருமிக்குக் கட்டாயச் சோதனை இல்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள். பழைய ஊசியால் மருந்து போட்டுக்கொண்டவர்கள். போதை ஊசி பழக்கம் இருந்தவர்கள். திருவிழாக் கடையில் பச்சை குத்திக்கொண்டவர்கள். சி நோயாளியின் கணவர் அல்லது மனைவி. சி கிருமி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகள்.

கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் இந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாது. யாரும் கடையில் தாங்களாக வாங்கிச் சாப்பிடவும் கூடாது.

நினைவில் வைப்போம்

சி நோய் வெளியே தெரியாது. ரத்தச் சோதனையில் தெரியும்.

தினமும் மாத்திரை. பெரும்பாலோருக்கு 12 வாரம்.

நடுவில் நிறுத்தக் கூடாது.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்துக் கடைசிச் சோதனை.

ஊசி தேவையா என்று கேட்போம். தேவை என்றால் உறை பிரிக்காத புது ஊசியைக் கேட்போம்.

பயிற்சி

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. சி கிருமி ______ வழியாகப் பரவும்.
2. மூன்று டப்பா மாத்திரை ______ நாளுக்கு வரும்.
3. சி நோய்க்குத் ______ இல்லை. ஆனால் மருந்து உண்டு.

கணக்கு போடுங்கள்.

ஒருவர் ஜூன் மாதம் 1-ஆம் தேதி மாத்திரை சாப்பிடத் தொடங்கினார். 84-ஆவது மாத்திரையை எந்தத் தேதியில் சாப்பிடுவார்? காலண்டரைப் பார்த்து எண்ணுங்கள்.

கூடிப் பேசுங்கள்.

1. உங்கள் ஊரில் எதற்கெல்லாம் ஊசி போடுகிறார்கள்? அவற்றில் எதற்கு மாத்திரையே போதும்?
2. அந்த விவசாயியின் மாமியார் காலத்துப் பயம் உங்கள் ஊரிலும் உண்டா? தனித் தட்டு வைக்கச் சொல்பவரிடம் என்ன சொல்வீர்கள்?
3. உங்கள் மாவட்டத்தில் இலவசச் சோதனை எங்கே செய்கிறார்கள்? அரசு ஆஸ்பத்திரியில் கேட்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.